நகரி கேசட் கடை: பாட்டுக்கு உரிய பெயரைத் தேடித் தரும் இடம்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் ஏகாம்பரகுப்பம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், விசைத்தறிக் கூடங்கள் நெருங்கிய ஒரு தெருவில், பழைய கேசட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றித் தரும் சிறிய கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கேசட் கடை எங்கே என்று கேட்டால் தமிழிலோ தெலுங்கிலோ யாராவது வழி சொல்லிவிடுவார்கள். கேசட்டை மாற்றித் தரும் கடைகள் சென்னையிலும் திருப்பதியிலும் உண்டு. இந்தக் கடையைப் பற்றித் தனியே எழுதத் தோன்றியதற்குக் காரணம், பாட்டோடு சேர்த்து இவர்கள் தரும் ஒரு காகிதம். ஒவ்வொரு பாட்டுக்கும் படம், ஆண்டு, இசை, இயற்றியவர், பாடியவர் என்ற விவரங்களைக் கடைக்காரர் கையால் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எதை வைத்து எழுதினார் என்பதையும் குறிக்கிறார். இசைத்தட்டின் லேபிளைப் பார்த்து எழுதியிருந்தால் ‘தட்டு’, சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் இருந்தால் ‘புத்தகம்’, படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களிலிருந்து எடுத்திருந்தால் ‘டைட்டில்’, குரலை மட்டுமே நம்பியிருந்தால் ‘காது’. எதுவும் கிடைக்காதபோது அந்தக் கட்டம் காலியாகவே வரும்.

நான் கொடுத்தவை என் பெரியப்பா 1980-களில் புத்தூரிலும் திருத்தணியிலும் ரெக்கார்டிங் கடைகளில் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகள். அந்தக் காலத்தில் இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பது தெரிந்தால்தான் இப்படி ஒரு சேவைக்கு ஏன் தேவை ஏற்பட்டது என்பது விளங்கும். வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டின் முதல் வரிகளை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தம்மிடம் உள்ள எல்.பி. எனப்படும் நீண்ட நேர இசைத்தட்டுகளிலிருந்தும், தட்டு இல்லாதபோது வேறொருவருடைய கேசட்டிலிருந்தும் பதிவு செய்வார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கேட்ட பாட்டுகள் முடிந்தும் நாடா மிச்சம் இருந்தால், கையில் இருக்கும் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அப்படி நிரப்பப்பட்ட பாட்டுக்கு அட்டையில் பெயரே இருக்காது, அல்லது மேலே உள்ள படத்தின் பெயரே அதற்கும் நீளும். அந்தக் கேசட்டிலிருந்து இன்னொருவர் பதிவு செய்யும்போது பிழையும் கூடவே போகும். எழுதியவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பாட்டு நடிகரின் பெயரால்தான் அறியப்பட்டது. கேட்க வந்தவரும் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, என்.டி.ஆர். பாட்டு என்றுதான் கேட்டார்.

இந்த எல்லைப் பகுதியில் அந்தப் பழக்கம் ஒரு தனிக் குழப்பத்தை உண்டாக்கியது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திரத்தில் நின்றது. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் இரண்டு மொழிப் படங்களையும் பார்த்தார்கள். 1950-களில் விஜயா படக் கம்பெனியார் ஒரே கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1951-இல் வந்த பாதாள பைரவியில் இரண்டு மொழியிலும் நாயகன் என்.டி. ராமராவ், அவருக்குப் பாடியவர் கண்டசாலா. ஆகவே என்.டி.ஆர். படம் என்றால் கண்டசாலா குரல் என்பது இங்கே ஒரு விதி போலவே ஆகிவிட்டது. 1955-இல் வந்த மிஸ்ஸம்மாவில் அந்த விதி பொருந்தாது. தெலுங்கில் நாயகன் ராமராவ், தமிழ் மிஸ்ஸியம்மாவில் ஜெமினி கணேசன். இரண்டிலும் நாயகனுக்குப் பாடியவர் ஏ.எம். ராஜா. பெரியப்பாவின் கேசட்டில் ‘ராவோயி சந்தமாமா’ பாட்டுக்குக் கண்டசாலா என்றும், அடுத்த பக்கத்தில் அதே மெட்டில் வரும் ‘வாராயோ வெண்ணிலாவே’ பாட்டுக்கு ஏ.எம். ராஜா என்றும் எழுதியிருந்தது. பாட்டைத் தொடர்ந்து கேட்டால் ஒரே தொண்டை என்பது யாருக்கும் தெரியும், ஆனால் அட்டையைப் படித்துவிட்டுக் கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ‘என்.டி.ஆர். பாட்டுன்னா கண்டசாலான்னு எழுதிட்டுப் போயிருக்காங்க அண்ணா, ராஜா நம்ம சித்தூர் ஜில்லாக்காரர், அவர் பேரையே இங்க விட்டுட்டாங்க’ என்றார் கடைக்காரர். அவர் காகிதத்தில் இரண்டு பாட்டுக்கும் ஏ.எம். ராஜா, பி. லீலா, பக்கத்தில் ‘தட்டு’. இசை எஸ். ராஜேஸ்வர ராவ், தெலுங்கு வரிகள் பிங்களி நாகேந்திர ராவ், தமிழ் வரிகள் தஞ்சை ராமையாதாஸ்.

மாயா பஜாருக்கு வரும்போது கடைக்காரரின் திறமை இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே அட்டை எழுதியவர் பிழை செய்யவில்லை. 1957-இல் வந்த அந்தப் படத்துக்கு இசை கண்டசாலா என்றுதான் திரையில் வருகிறது. ஆனால் முதலில் அமர்த்தப்பட்ட ராஜேஸ்வர ராவ் நான்கு பாட்டுகளுக்கு மெட்டமைத்துவிட்டு விலகிக்கொண்டார். வாத்தியக் கோவையும் ஒலிப்பதிவும் கண்டசாலா கையில் வந்தன. அந்த நான்கில் ஒன்று ‘லாஹிரி லாஹிரி’. தமிழில் அதே மெட்டில் வருவது ‘ஆஹா இன்ப நிலாவினிலே’. காகிதத்தில் இந்தப் பாட்டுக்கு இசை என்ற கட்டத்தில் கண்டசாலா, ‘டைட்டில்’ என்று எழுதி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மெட்டு ராஜேஸ்வர ராவ் என்று சேர்த்திருந்தார். ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை எழுதாமல் இரண்டையும் வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பதிப்பிக்கப்பட்ட பெயர் ஒரு செய்தி, உண்மையில் யார் செய்தார் என்பது இன்னொரு செய்தி. கம்பெனிகளே லேபிளில் தவறான பெயரை அச்சடித்ததும் உண்டு: 1949-இல் வந்த இந்திப் படமான மகல் பாட்டுத் தட்டில், லதா மங்கேஷ்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் பாத்திரப் பெயரான காமினி என்றே போட்டிருந்தார்கள். ஆகையால் ‘தட்டு’ என்ற குறிப்பும் முடிந்த முடிவு ஆகாது, அது ஒரு சாட்சி மட்டுமே என்பதை இந்தக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது புரிந்துகொண்டேன்.

கச்சேரிக் கேசட் ஒன்றும் கொடுத்திருந்தேன். அதில் ‘ப்ரோசேவாரெவருரா’ பாட்டுக்குத் தியாகராஜர் கீர்த்தனை என்று எழுதியிருந்தது. கமாஸ் ராகத்தில் அமைந்த அந்தக் கீர்த்தனை மைசூர் வாசுதேவாச்சாரியார் இயற்றியது. தெலுங்கில் ராமனை நோக்கிப் பாடும் பாட்டு என்பதால் தியாகராஜர் கணக்கில் போய்ச் சேர்வது இன்றும் நடக்கிறது. சங்கராபரணம் படத்தின் வழியாக அந்தப் பாட்டை அறிந்தவர்களுக்குக் குழப்பம் கூடும். அந்தப் படத்தில் பாடலாசிரியர் வேட்டூரியின் வரிகளும், சதாசிவ பிரம்மேந்திரர், பத்ராசல ராமதாஸர் போன்றோரின் பழைய பாட்டுகளும் கலந்திருக்கின்றன, கேசட் அட்டையில் இசை கே.வி. மகாதேவன் என்ற ஒரே வரிதான் நிற்கும். கீர்த்தனைகளில் ஒரு வசதி, இயற்றியவர் தம்மைக் குறிக்கும் சொல்லை முத்திரையாகச் சரணத்தில் வைத்துவிடுவார். இதில் ‘வாசுதேவுடு நீவு கதா’ என்று வருகிறது. என் கேசட்டிலோ சரணம் வருவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது. அட்டை எழுதியவர் கடைசிவரை கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. கடைக்காரர் இந்தக் கட்டத்தில் வாசுதேவாச்சாரியார் என்று எழுதி, ‘முத்திரை நாடாவில் இல்லை’ என்று பக்கத்தில் குறித்திருந்தார்.

ஒலியிலிருந்தே மூலத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் இவர் நன்றாக அறிந்திருக்கிறார். பத்து அங்குல 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாக வெட்டியிருப்பார்கள். பாட்டின் நடுவே ஊசி எடுக்கும் ஓசையும் ஒரு சிறு இடைவெளியும் கேட்டால், அது எல்.பி.யிலிருந்து வந்ததல்ல, பழைய தட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். வானொலியிலிருந்து பிடித்த பாட்டு என்றால் அறிவிப்பாளரின் கடைசிச் சொல்லோ நேரம் சொல்லும் மணியோ ஓரத்தில் ஒட்டியிருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறியாமல் அப்படியே மாற்றித் தருகிறார்.

வேகம் பற்றிய சோதனை எனக்குப் புதிது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவு செய்த டெக்கின், அதாவது கேசட் கருவியின், பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடியிருந்தால், சரியான டெக்கில் கேட்கும்போது பாட்டு வேகமாகவும் மேல் சுருதியிலும் ஒலிக்கும். ஆறு சதவீத வேறுபாடு ஏறக்குறைய அரைச் சுருதி. அந்த அளவில் ஒரு பாடகரின் குரல் இன்னொருவருடையது போலத் தோன்றுவது இயல்பு. மென்மையாகப் பாடிய ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் அட்டைகளில் இடம் மாறிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய பதிவுகளில் மின்சார இரைச்சல் மெலிதாகப் பதிந்திருக்கும். அதைக் கணினித் திரையில் பார்த்து, 53-இல் நின்றால் நாடா வேகமாகப் போகிறது என்று கண்டு, 50-க்கு இறக்குகிறார். டெக்கின் சொந்த இரைச்சலோடு அது கலந்துவிடாமல் இருக்க, நாடாவை நிறுத்தி ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். தட்டு சுழன்ற வேகம் தவறாக இருந்திருந்தால் இந்தச் சோதனையில் அது தெரியாது என்பதையும் அவரே சொன்னார்.

பாடலாசிரியர் கட்டத்தில்தான் காலியிடங்கள் அதிகம். 1950-களின் படங்களில் கவிஞர்களின் பெயர்களை டைட்டிலில் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், எந்தப் பாட்டு யாருடையது என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள். அட்டை எழுதியவர்கள் அந்தக் குறையைக் கண்ணதாசன் பெயரால் நிரப்பினார்கள். ஆயிரத்தில் ஒருவனில் ‘அதோ அந்தப் பறவை போல’ கண்ணதாசனுடையது, ‘ஏன் என்ற கேள்வி’ வாலியுடையது. என் கேசட்டில் இரண்டும் கண்ணதாசன். அதே படத்துக்கு இசை எம்.எஸ்.வி. என்று மட்டும் எழுதியிருந்ததையும் கடைக்காரர் திருத்தினார், எம்.எஸ்.வி.யும் அவரோடு இணைந்து இசையமைத்த ராமமூர்த்தியும் பிரிந்தது அந்தப் படத்துக்குப் பிறகுதான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தார் என்பதை வைத்து, அதற்குப் பிந்திய படங்களை உடனே தள்ளிவிடவும் கூடாது: 1960-இல் வந்த இரும்புத் திரையில் அவர் பாட்டு இருக்கிறது. இத்தகைய இடங்களில் அவசரப்படாமல் பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிறார். தம்மிடம் இல்லாத புத்தகங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைச் சொல்கிறார்.

வேறு குரலில் பாடி விற்ற கேசட்டுகளைத் தனியாகப் பிரித்து வைக்கிறார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிய அறிவிப்பும் ராயல்டியும் கொடுத்தால் மறுபாட்டு வெளியிட இடம் தந்தது. 2012 திருத்தம், முதல் பதிவுக்குப் பின் ஐந்து ஆண்டு ஆக வேண்டும் என்றும், மூலப் பாடகரின் பெயரையோ படத்தையோ உறையில் போடக் கூடாது என்றும் சொன்னது. அதற்குள் கேசட் காலமே முடிந்துவிட்டது.

குறைகளும் உண்டு. இரைச்சலைக் குறைப்பதில் இவருக்கு ஆர்வம் அதிகம், அதில் சகர ஒலிகள் மழுங்கிப் போகின்றன, பி. லீலாவின் குரலில் இருக்கும் கூர்மை காணாமல் போகிறது. ஆகவே கொடுக்கும்போதே இரைச்சல் குறைக்காத வேவ் ஒலிக்கோப்பும் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மற்றபடி ஒவ்வொரு கேசட்டுக்கும் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகித் திருத்திய பிறகே ஓட்டுகிறார், உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் தெளிவாக வருகின்றன. தறி ஓடும் நேரத்தில் கடையில் அமர்ந்து கேட்க முடியாது, இரவில்தான் அவர் வேலை நடக்கிறது. எனவே நாள் சொன்னால் அதை நம்ப வேண்டாம். காகிதம் வேண்டுமென்றால் மாதக் கணக்கில் ஆகும்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் தெருக்கூத்துக் கேசட்டில்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் நடக்கும் பாரதக் கூத்தை யாரோ மைக் அருகில் வைத்துப் பதிவு செய்தது அது. எல்லாக் கட்டமும் காலியாகத் திரும்பி வந்தது. தட்டும் புத்தகமும் இல்லாத பாட்டுக்கு அவரிடம் வழி இல்லை என்பது நியாயம்தான், ஆனால் நகரியைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் அவர்களிடம் போட்டுக் காட்டியிருந்தால் எந்த ஜமா (கூத்துக் குழு), எந்த நாள் கூத்து என்பதாவது தெரிந்திருக்கும். அதைச் சொன்னேன், சினிமா வேலையே தலைக்கு மேல் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அறுபது நிமிடக் கேசட்டை மாற்ற 150 ரூபாய், காகிதத்துக்குப் பாட்டு ஒன்றுக்கு 20 ரூபாய் தனி. காலியாக வரும் பாட்டுக்குப் பணம் வாங்குவதில்லை. ஒருவர் கொடுத்த பாட்டை இன்னொருவருக்குப் பிரதி எடுத்துத் தர மாட்டார், கேட்டும் பயனில்லை. போகிறவர்கள் கேசட்டோடு பழைய அட்டையையும், அது எவ்வளவு பிழையாக இருந்தாலும், கிழிக்காமல் கொண்டுபோக வேண்டும். எந்தக் கடை, எந்த வரிசையில் பதிவு செய்தது என்பதை அந்தக் கையெழுத்தை வைத்தே அவர் பிடிக்கிறார்; ஒரே கடையில் பதிவான இரண்டு கேசட்டுகள் கிடைத்தால், பிழை எதிலிருந்து எதற்குப் போனது என்பதைக் காட்டக் காகிதத்தில் ஒரு அம்புக்குறியும் போட்டுத் தருகிறார்.