வாங்கிய குதிரை சினையா? கை, ரத்தம், ஸ்கேன், காத்திருப்பு

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். மட்டக்குதிரைதான் (குள்ள வகை), வண்டிக்குப் பழகியது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் குட்டியானை வண்டியிலிருந்து அது இறங்கியபோது விலா எலும்பை எண்ணலாம். கார்த்திகை பிறந்ததும் வயிறு இரண்டு பக்கமும் தொங்க ஆரம்பித்தது. வயிற்றுப் பட்டையை இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. வாங்கும்போதே கேட்டிருந்தேன். "சினையெல்லாம் இல்லீங்க, வெறும் வயிறுதானுங்க" என்றார் விற்றவர்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா நாற்பது வருஷமாக மாடு வைத்திருப்பவர். குதிரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, "பசுவா இருந்தா இப்பவே சொல்லிடுவேன் தம்பி, இது வேற கணக்கால்ல இருக்கு" என்றார். டெல்டாவில் குதிரை வைத்திருப்பவனுக்கு இதுதான் சங்கடம். யாரைக் கேட்டாலும் மாட்டுக்கணக்கில்தான் பதில் வரும். பசுவுக்கு ஒன்பது மாதம், சில நாள். குதிரைக்குப் பதினொரு மாதம். 320 நாளிலும் போடும், 365 நாளிலும் போடும், இரண்டுமே சாதாரணம்.

எந்தப் பரிசோதனை நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாக வளர்த்த குதிரை என்றால் சேர்க்கை நாள் தெரியும். வாங்கிய குதிரைக்கு நம் கையில் இருப்பது வாங்கிய தேதி ஒன்றுதான். அது போதும். வாங்கியபின் ஆண் குதிரை பக்கத்தில் வரவில்லை என்றால், சினை அதற்கு முன்னால் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆடியில் வாங்கி கார்த்திகைக் கடைசியில் சந்தேகம் வந்தால் சினைக்கு நாலு மாதமாவது ஆகியிருக்கும். அடுத்த ஆடியைத் தாண்டிப் போகவும் வழியில்லை. கீழே சொல்வதில் எது உங்களுக்கு உதவும், எது வீண் செலவு என்பதை இந்தக் கணக்குதான் முடிவுசெய்யும்.

வயிற்றைப் பார்த்துச் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடலாம். சத்தில்லாத வைக்கோலை மட்டும் தின்னும் குதிரைக்கு வயிறு பானையாகத்தான் இருக்கும். பூச்சி வயிறும் அப்படித்தான், முன்பே இரண்டு மூன்று குட்டி போட்டதன் வயிறும் அப்படித்தான். நல்ல தசைக்கட்டுள்ள குதிரை எட்டு மாதம்வரை காட்டிக்கொள்ளாமலே இருந்துவிடும். ஆண் குதிரையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பதும் பழைய வழக்கம். உதைத்தால் சினை, வாலைத் தூக்கினால் இல்லை என்பார்கள். சினையாக இருந்தும் பருவம் காட்டுகிற குதிரை உண்டு, ஒன்றும் இல்லாமலே சிடுசிடுக்கிறதும் உண்டு.

அடுத்தது மலக்குடலில் கைவிட்டுக் கருப்பையைத் தடவிப் பார்ப்பது. நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது இதுதான், பசுவுக்குத் தினமும் நடப்பது. குதிரையில் தேர்ந்த கை என்றால் ஒரு மாதச் சினையையே சொல்லிவிடும். ஆனால் குதிரையின் மலக்குடல் மாட்டினுடையதைப் போலத் தாங்காது. முக்கும்போது கையை எதிர்த்துத் தள்ளினால் கிழியும், கிழிந்தால் பெரும்பாலும் குதிரை தப்பாது. குதிரையை அசையாமல் நிறுத்தும் கட்டுக்கூண்டு வேண்டும், தேவைப்பட்டால் மயக்க ஊசியும் வேண்டும். அதனால், "குதிரைக்குப் பார்த்திருக்கிறீர்களா, டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்றும் இருக்கிறது. நாலைந்து மாதத்துக்குமேல் கருப்பை பாரத்தால் கீழே இறங்கிவிடும், குட்டி கைக்கு எட்டாமல் போகலாம். அப்போது கிடைப்பது "இருக்குற மாதிரிதான் தெரியுது" என்கிற பதில். அதற்காகவா இத்தனை ஆபத்து?

ரத்தப் பரிசோதனையில் ஏமாந்துவிடுவது சுலபம், ஏனென்றால் அது ஒன்றல்ல, இரண்டு. முதல் வகை ஈசிஜி என்கிற ஹார்மோனைப் பார்ப்பது (நெஞ்சுக்கு எடுக்கிற ஈசிஜி வேறு). சினை பிடித்து சுமார் 40 நாளிலிருந்து 120 நாள்வரைதான் இது ரத்தத்தில் இருக்கும். என் குதிரைக்கு நாலு மாதம் தாண்டியாயிற்று, இதைப் பார்த்திருந்தால் சினையாக இருந்தும் 'இல்லை' என்று வந்திருக்கும். இதில் வேறொரு குறையும் உண்டு. அந்த ஹார்மோனைச் சுரக்கும் திசு கருப்பையில் உருவானபின் கரு கலைந்தாலும், கொஞ்ச காலம் 'ஆமாம்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஈஸ்ட்ரோன் சல்ஃபேட். நாலு மாதத்துக்குமேல் பார்க்க வேண்டியது இதைத்தான். குட்டியும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து உண்டாக்குவதால் குட்டி உயிரோடு இருப்பதற்கும் இதுவே சாட்சி. பின்பக்கம் ஆளைக் கிட்டே விடாத முரட்டுக் குதிரைக்கும், கூண்டு இல்லாத இடத்துக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. கழுத்தில் ஓர் ஊசி, அவ்வளவுதான். ரத்தம் எடுக்கும் முன்பே, எந்த ஆய்வகம் இதைப் பார்த்துத் தரும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புரோஜெஸ்டிரான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சினை இல்லாத குதிரைக்கும் பருவச் சுழற்சியில் அது ஏறும்.

என் ஓட்டு ஸ்கேனுக்கு. இரண்டு வாரச் சினையே அதில் தெரியும், நாலாவது வாரத்தில் இதயத்துடிப்பு தெரியும். முதல் சில மாதங்களுக்கு மலக்குடல் வழியாகப் பார்ப்பார்கள், கைவிடுவதற்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். நாள் முற்றிய சினை என்றால் வயிற்றின் மேலிருந்தே பார்க்கலாம். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பக்கத்துக்குப் பெரிய உபகாரம். எனக்குக் குதிரையைத் திரும்பவும் வண்டியில் ஏற்ற மனமில்லை, அடைமழை வேறு. தெரிந்த டாக்டர் ஒருவர் கையடக்க ஸ்கேனோடு வீட்டுக்கே வந்தார்.

மடிக்கு முன்னால் வயிற்று முடியை ஈரமாக்கி ஜெல்லைத் தடவினார். திரை வெளிச்சத்தில் தெரியவில்லை என்று என் துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் வெறும் சாம்பல்நிறப் புகைதான். அப்புறம் கறுப்பாகத் தண்ணீர், அதற்குள் வரிசையாக வெள்ளைக் கோடுகள். "விலா எலும்பு" என்றார். பக்கத்தில் சின்னதாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. கண்குழியைத் தேடி அளந்து, ஆறு மாதம் இருக்கலாம் என்றார். சந்தையில் கைமாறியபோதே ஏழெட்டு வாரம்! ரத்தப் பரிசோதனை 'ஆமாம்' என்று மட்டும் சொல்லியிருக்கும். வைகாசி என்று ஒரு மாதம் கையில் கிடைத்தது ஸ்கேனால்தான்.

எதுவும் செய்யாமல் காத்திருப்பது நாலாவது வழி. செலவில்லை, பெரியப்பாவின் சிபாரிசும் இதற்குத்தான். குட்டி போட ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருக்கும்போது மடி இறங்கும். கடைசி ஓரிரண்டு நாளில் காம்பு நுனியில் மெழுகுபோல மஞ்சள் துளி கட்டும். தலைச்சன் குட்டி என்றால் இதெல்லாம் கடைசி நேரம்வரை தெரியாமலும் போகும். மடி இறங்கித்தான் தெரிந்துகொள்வது என்றால் கடைசி மூன்று மாதம் கூட்டிக் கொடுக்க வேண்டிய தீவனத்தில் பாதியாவது கைவிட்டுப் போயிருக்கும். குட்டி போடுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னால் போட வேண்டிய டெட்டனஸ் தடுப்பூசிக்கும் நாள் நெருக்கிவிடும். பசு மணிக்கணக்கில் கஷ்டப்படும், ஆளைக் கூப்பிட நேரம் இருக்கும். குதிரை பெரும்பாலும் ராத்திரியில், பனிக்குடம் உடைந்து அரைமணிக்குள் போட்டு முடித்துவிடும். வெள்ளைச் சவ்வு வரவேண்டிய இடத்தில் சிவப்பு வெல்வெட் மாதிரி பை வந்தால் நஞ்சுக்கொடி முன்னாலேயே கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பையை அங்கேயே கிழித்துக் குட்டியை வெளியே எடுத்தாக வேண்டும், நிமிஷக் கணக்கு அது. சினை என்பதே தெரியாமல் தூங்குகிறவன் இதற்கு எப்படி எழுந்திருப்பான்?

காத்திருப்பதைவிட மோசமானது ஒன்றே ஒன்று: எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டைப் பருவத்துக்கு வரவைக்கப் போடுகிற ஊசியைப் போட்டுவிடுவது. புரோஸ்டாகிளாண்டின் வகை ஊசி சினையைக் கலைத்துவிடக்கூடும். முடிவு தெரியும்வரை எந்த ஊசிக்கும் பெயர் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது வேறு கவலை. "தகப்பன் பெரிய குதிரையா இருந்தா இந்த மட்டத்துக்குக் குட்டி வெளியில வருமா?" என்கிறார். வரும். பிறக்கும்போது குட்டியின் அளவைத் தாயின் கருப்பைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1938இல் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் ராட்சத ஷயர் குதிரையையும் குள்ள ஷெட்லாண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தே இதைக் காட்டினார்கள். சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "பசுன்னா அப்படி இல்லியே" என்றார்.

விற்றவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படீங்களா? குட்டியைக் கொடுக்கறதா இருந்தா என்கிட்டயே சொல்லுங்க" என்றார்.