கீப்பர் செட் வாங்கினோம், அதற்கு முன்பே கீப்பரை அனுப்பிவிட்டோம்

எட்டு மாதங்களுக்கு முன் ஜலந்தரிலிருந்து வரவழைத்த ஹாக்கி கீப்பர் செட் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தென்காசிக்குப் பக்கத்துச் செங்கோட்டையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் அணிக்காக, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, 31,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. பார்சல் கூலி தனி. தயாரித்தவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த விலையில் கிடைக்கும் செட்டுகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை என்பதால், வாங்க நினைப்பவர்களுக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதை வாங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் கீப்பரைக் கேரள எல்லைக்கு அப்பால் அனுப்பி, அங்கிருந்து ஒருவரை வாங்கிக்கொண்டதைச் சொல்லாமல் இந்த செட்டை மதிப்பிட என்னால் முடியாது. அவனை அனுப்புவதற்கு நாங்கள் சொன்ன காரணம் அவனுடைய கோபம். அந்தக் கோபத்தில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு பழைய பேடினுடையது என்பது புதிய செட் வந்த பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

எங்களுக்கு வடகிழக்கே கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை இருக்கிறது. மலை இறங்கிப் புனலூர் தாண்டினால், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கொல்லத்தில் அமைத்த புல்தரை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்குச் சரளை கலந்த செம்மண் திடல்தான். அந்தத் திடலில் பல ஆண்டுகளாக ஒரு கல்லூரி அணி கழித்துப் போட்ட பழைய செட்டை வைத்து ஆடி வந்தோம். பேடு கிழியவில்லை, வார் அறுபடவில்லை, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. உள்ளே இருந்த ஃபோம் மட்டும் செத்துப்போயிருந்தது.

ஃபோம் சாவதென்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கீப்பராக நின்றிராதவர்களுக்கு இது தெரிவதில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. பெரிய ஆட்டங்களில் டிராக் ஃப்ளிக், அதாவது ஸ்டிக்கால் பந்தை இழுத்து வீசும் அடி, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரும். அடர்த்தியான ஃபோம் வைத்த பேடும், பாதத்தை மூடும் கிக்கரும் அந்தப் பந்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை, வந்த வேகத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துப் பந்தைக் கோலுக்கு முன்னால் உள்ள டி வட்டத்தின் விளிம்புக்கே விரட்டிவிடும். செத்த ஃபோமோ பந்தை விழுங்கி, கீப்பரின் காலடியிலிருந்து இரண்டடி தள்ளித் துப்பும். அங்கே எதிரணி ஃபார்வர்டு ஸ்டிக்கைத் தரையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். முதல் அடியைக் கீப்பர் தடுத்திருப்பான், இரண்டாவது அடி வலைக்குள் இருக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு விரலால் பேடைத் தட்டினால் போதும், நல்ல ஃபோம் ‘டப்’ என்று ஒலிக்கும், செத்தது ‘பொத்’ என்று அமுங்கும். இந்த எளிய சோதனையைச் செய்ய எங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

அந்த ஆறு ஆண்டுகளும் கோலில் நின்றவனை நாங்கள் ‘ஓலைவெடி’ என்று அழைத்தோம். காலடியில் விழுந்த பந்தை ஃபுல் பேக்குகள் எடுத்து வெளியே அடிக்கவில்லை என்று கத்துவான். இரண்டாவது கோல் விழுந்தால் ஸ்டிக்கைப் போஸ்டில் அடிப்பான். மூன்றாவதுக்கு ஹெல்மெட்டைக் கழற்றி வலைக்குள் எறிவான். ஒருமுறை நடுவரிடம் பேசிய பேச்சுக்குப் பச்சை அட்டை வாங்கி இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தான். ஃபுல் பேக்குகள் இருவரும் தங்கள் வயதை எண்ணி, இனி அவன் முன்னால் நின்று ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் புனலூர்ப் பக்கத்து அணியில் ஒரு கீப்பர் இருக்கிறான், வாயே திறக்க மாட்டான், தென்காசிப் பக்கம் படிக்க வந்திருக்கிறான் என்று செய்தி வந்தது. எங்கள் பையனோ காய்கறி லாரியில் வாரத்தில் நான்கு நாள் கொல்லம் போய் வருபவன். பிரானூர் பார்டரில் புரோட்டா மேசையில் பேச்சு முடிந்தது: கீப்பருக்குக் கீப்பர், அவர்கள் மேலே இரண்டு ஸ்டிக் தர வேண்டும். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்ததாக இருந்ததால், இந்த மாற்றத்தை வெளிநாட்டு ஒப்பந்தமாக யாரும் நினைக்கவில்லை.

ஆனால் விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. கோபக்காரக் கீப்பரை விற்றவன் உருப்பட்டதில்லை என்று வாதிட்ட என் மருமகன் பனி ஹாக்கியிலிருந்து சாட்சி கொண்டுவந்தான். 1995 டிசம்பர் 2 அன்று மான்ட்ரியல் அணி தன் சொந்த அரங்கில் டெட்ராய்ட்டிடம் 11–1 என்று தோற்ற ஆட்டத்தில், கீப்பர் பாட்ரிக் ருவா ஒன்பது கோல் வாங்கும் வரை பயிற்சியாளர் மாரியோ ட்ரெம்பிளே அவரை வெளியே எடுக்கவில்லை. எளிய அடி ஒன்றை அவர் தடுத்தபோது ரசிகர்கள் கேலியாகக் கைதட்ட, அவரும் இரு கைகளையும் உயர்த்திக் கேலியாகவே ஏற்றுக்கொண்டார். வெளியே வந்ததும், பெஞ்சுக்குப் பின்னால் அமர்ந்திருந்த நிர்வாகத் தலைவரிடம் நேராகப் போய், மான்ட்ரியலுக்கு இதுவே தன் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நான்கு நாளில் அவரையும் கேப்டன் மைக் கீனையும் கொலராடோவுக்குக் கொடுத்து, ஓர் இளம் கீப்பரையும் இரண்டு ஃபார்வர்டுகளையும் மான்ட்ரியல் வாங்கிக்கொண்டது. 1993-இல் மான்ட்ரியலுக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்த அதே ஆள், 1996-இல் கொலராடோவுக்கும் அதை வாங்கித் தந்தார். இதைக் கேட்ட எங்கள் மூத்த ஃபுல் பேக், “அவரு சம்பளம் வாங்குத ஆளு மாப்ள, நம்ம பய லாரில வெண்டைக்கா ஏத்துதான்” என்று முடித்துவிட்டார்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அயர்லாந்துக் கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த 32 லட்சத்தில் காலுக்கு எவ்வளவு, குணத்துக்கு எவ்வளவு என்று ஒருவர் கேட்க, பாதிக்குப் பாதி என்று தேநீர்க் கடைக்காரரே தீர்ப்புச் சொன்னார். பிறகு பேச்சு எப்போதும்போல இந்தியாவின் முன்னாள் கீப்பர் ஸ்ரீஜேஷிடம் வந்து சேர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக 5–4 என்ற நிலையில், கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குப் பதக்கம் உறுதி செய்தவர், ஆட்டம் முழுக்கத் தன் டிஃபன்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தவர் என்பதை இரு தரப்பும் தத்தம் வசதிக்குப் பயன்படுத்தின. கிழக்கம்பலத்தில் அவருடைய அப்பா பசுவை விற்றுக் கீப்பர் செட் வாங்கிக் கொடுத்த கதையும் வந்தது. அந்தக் கதையில் நாங்கள் மகனைக் கவனித்தோம், அப்பாவைக் கவனித்தோம், பசுவையும் கவனித்தோம். செட்டை யாரும் கவனிக்கவில்லை.

புதிதாக வந்த பையன் கோல் விழுந்தால் வலையிலிருந்து பந்தை எடுத்துப் போட்டுவிட்டு “சாரமில்லா” என்பான். பரவாயில்லை என்று மலையாளத்தில் சொல்வது, தமிழ்க் காதில் வேறு பொருளில் விழுந்தது; இரண்டாவது வாரத்தில் அதுவே அவனுக்குப் பெயராயிற்று. முதல் மூன்று ஆட்டங்களில் அணியில் நிம்மதி நிலவியது. நான்காவது ஆட்டம் முடிந்து, ஸ்கோர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு உறுத்தியது. வாங்கிய கோல்கள் குறையவே இல்லை. ஓலைவெடி வாங்கிய அதே விதமான கோல்களை, அதே இரண்டடித் தூரத்திலிருந்து, இவனும் வாங்கியிருந்தான். யாரும் திட்டு வாங்காததால் யாருக்கும் அது தெரியவில்லை. மறுநாள் பேடைத் தட்டிப் பார்த்தேன். ‘பொத்’.

இப்போது செட்டுக்கு வருகிறேன். பேடும் கிக்கரும்தான் இதன் உயிர், கொடுத்த காசுக்கு அவை முழுத் தகுதி உடையவை. பேடின் அகலம் விதி அனுமதிக்கும் 300 மில்லிமீட்டருக்குள் சரியாக இருக்கிறது; முழங்காலுக்குக் கீழே கொடுத்திருக்கும் வளைவினால், குந்தி நிற்கும்போது பேடு தனியாகவும் கால் தனியாகவும் திரும்புவதில்லை. சாரமில்லா முதல் நாள் பயிற்சியில் வலது கிக்கரால் தடுத்த பந்து, சரளைத் திடலிலும்கூட, டி கோட்டைத் தாண்டி ஓடியது. எங்கள் ஃபார்வர்டு இருவர் வழக்கம்போலக் கோலுக்கு முன்னால் போய் நின்று, வராத பந்துக்காகக் காத்திருந்ததைப் பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. இடது கைக் கையுறையும் அப்படியே, பந்தை மேலே தூக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. மார்புக் கவசம், முழங்கைக் கவசம், பேன்ட் ஆகியவற்றில் சொல்லும்படியான நிறையும் இல்லை, குறையும் இல்லை.

ஹெல்மெட்டில் எனக்குத் திருப்தி இல்லை. கூடும் கம்பியும் உறுதியானவை. உள்ளே வைத்த பஞ்சுப் பட்டைதான் சிக்கல். அது கழற்றித் துவைக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழும் எங்கள் ஊரில், ஒரு ஆட்டத்தின் வியர்வை மறு ஆட்டத்துக்குள் காய்வதே இல்லை. மூன்றாம் வாரத்தில் ஹெல்மெட்டைத் திறந்தால் ஊறப்போட்டு மறந்த துணி மணம். கடைசியில் அடுப்பங்கரைப் பரணில் தலைகீழாக மாட்டி உலர்த்தினோம். இன்றுவரை அதில் லேசாகப் புகை வாசம் உண்டு. கம்பெனியைத் தொலைபேசியில் கேட்டதற்கு வெயிலில் வைக்கச் சொன்னார்கள். சாரல் காலத்துச் செங்கோட்டையை அவர்கள் பார்த்ததில்லை போலும். சரளையில் ஆடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கிக்கரின் அடிப்பகுதி புல்தரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, நான்கே மாதத்தில் எங்களுடையது தேய ஆரம்பித்தது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து டயர் ரப்பரை ஒட்டிக்கொண்டோம். அளவு அட்டவணையையும் நம்ப வேண்டாம், முழங்காலிலிருந்து பாதம் வரை நீங்களே அளந்து அனுப்புங்கள்.

பெரிய குறையாக நான் குறித்து வைத்திருந்தது இடது கிக்கரை. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டாம் கால் மணிக்குள் அது வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். சாரமில்லா குனிந்து அதைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பான். வாரின் கொக்கி வழுக்குகிறது என்று கம்பெனிக்கு இரண்டு முறை புகார் எழுதினேன், பதில் வரவில்லை.

புதிய செட் வந்தபின் கோல்கள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் ஷார்ட் கார்னரில், அதாவது பெனால்டி கார்னரில், மட்டும் நாங்கள் முன்னைவிட மோசமாக இருக்கிறோம், அதற்கு எந்த ஃபோமும் மருந்தில்லை. கோலிலிருந்து பார்ப்பவனுக்கு மட்டுமே தெரியும்படி எதிரணி ஆள் ஒருவர் இடது போஸ்டுக்குப் பின்பக்கம் நழுவுவார். ஓலைவெடியாக இருந்தால் அந்த நொடியில் எங்கள் ஃபுல் பேக்கின் பரம்பரையையே இழுத்து எச்சரித்திருப்பான். சாரமில்லா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சாரமில்லா என்பான். கோபத்தையும் குரலையும் ஒன்றாகவே கட்டி மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டோம். எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்று பிரித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சென்ற மாதம் புனலூர் அணி எங்கள் திடலுக்கு வந்தது. ஆட்டத்துக்கு முன் ஓலைவெடி எங்கள் பக்கம் வந்து, யாரையும் விசாரிக்காமல், கீழே கிடந்த புது பேடை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு சாரமில்லாவின் காலைத் தூக்கித் தன் முட்டியில் வைத்துக்கொண்டு இடது கிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாரைக் கழற்றி, குதிகாலுக்குப் பின்னால் குறுக்காக விட்டு, மறுபடி இறுக்கினான்.

“அண்ணாச்சி, ஏழு மாசமா வார மாத்திப் போட்டு ஆடவிட்டிருக்கியளே, ஒருத்தருக்குமா கண்ணு தெரியல?” என்று திடலின் அந்தக் கோடி வரை கேட்கும்படி கத்தினான்.

அன்று கிக்கர் திரும்பவே இல்லை. இடது கிக்கரைப் பற்றிய புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அதற்கும் பதில் வரவில்லை. ஹெல்மெட்டைப் பற்றிய புகார் அப்படியே இருக்கிறது.