‘செட்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியைப் பார்க்கிறேன்

ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி அது. அவ்வளவு பெரிய புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல் ‘செட்’. மூன்றே எழுத்துள்ள ஆங்கிலச் சொல். என்னை அதிகம் படுத்தியதும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

நான் இருப்பது உடுமலைப்பேட்டையில். ஆங்கிலத்தில் வரும் கையேடுகளையும் துண்டறிக்கைகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பம்புசெட் பெட்டிக்குள் வைக்கும் தாள், சொட்டுநீர்க் குழாய் மாட்டும் முறை, கோழித் தீவன மூட்டையோடு வரும் குறிப்பு, இந்த மாதிரி. படிக்கிறவர் காட்டில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஸ்பேனரையோ மண்வெட்டியையோ வைத்துக்கொண்டு படிப்பார். நான் ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால் அவருக்குக் காசும் போகும், நாளும் போகும்.

அப்படி ஒரு தவறைச் செய்தேன். வேலைக்கு வந்த புதிதில் கரும்பு நடவு பற்றிய இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று வந்தது. அதில் ஏக்கருக்கு 30,000 ‘இருபரு செட்’ நட வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. என்னிடம் அப்போது இருந்தது சட்டைப்பை அளவுள்ள ஓர் ஆங்கிலம் தமிழ் அகராதி. அதில் ‘செட்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு முதலில் இருந்தது ‘தொகுதி’. அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சாகி ஊர் ஊராகப் போன பிறகு கரும்பு ஆலையின் களப்பணியாளர் கூப்பிட்டார். “அக்கா, இது கரணைங்க. நீங்க தொகுதின்னு போட்டிருக்கீங்க. ரெண்டு கரணையச் சேத்து ஒரு தொகுதியான்னு கேக்கறாங்க. அப்படின்னா வெதைக்கரும்பு ரெண்டு மடங்கு வாங்கோணுமான்னு வேற கேக்கறாங்க.”

கரணை என்றால் நடுவதற்காக வெட்டிய கரும்புத் துண்டு; பரு என்றால் அதன் கணுவில் இருக்கும் முளைமொட்டு. எங்கள் தோட்டத்திலேயே கரும்பு இருந்தது. அப்பா கொடுவாளால் கரணை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பரு நசுங்கியதைத் தனியாக ஒதுக்கிப் போட்டவள் நான். கரணை என்ற சொல் என் கைக்குத் தெரியும். ஆனால் காகிதத்தில் ‘செட்’ என்று பார்த்தபோது அது வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

அடுத்த மாதமே கோயம்புத்தூர் போய் இந்த அகராதியை வாங்கினேன். என்னிடம் இருப்பது 2010இல் வந்த 8ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு 9ஆம் பதிப்பும், 2020இல் 10ஆம் பதிப்பும் வந்துவிட்டன. நான் இன்னும் மாற்றவில்லை. ஓரங்களில் நான் பென்சிலால் எழுதி வைத்திருப்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

‘செட்’ வரும் பக்கத்தைத் திறந்தால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். வினையாக ஒரு பட்டியல், பெயராக ஒரு பட்டியல், பெயரடையாக ஒரு பட்டியல். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் பெரிய எழுத்தில் ஒன்றிரண்டு சொல்லில் ஒரு வழிகாட்டி இருக்கிறது. கடிகாரம், இயந்திரம் என்று ஓரிடம். மேசை என்று ஓரிடம். நகை, எலும்பு, தலைமுடி, அச்சு, சூரியன், சந்திரன், இறுகுதல் என்று அடுத்தடுத்து. நான் வாங்கிய காசுக்கு இது ஒன்றே போதும் என்பேன். எதை செட் செய்கிறார்கள், எது செட் ஆகிறது என்று முதலில் கேட்கச் சொல்கிறது இந்த அகராதி. கல்லை நகையில் செட் செய்தால் பதிப்பது. முறிந்த எலும்பை என்றால் சேர்த்து அமர்த்துவது. பாட்டு வரியை இசைக்கு என்றால் மெட்டமைப்பது. சாப்பாட்டு மேசையை என்றால் தட்டும் டம்ளரும் எடுத்து வைப்பது. கூட வரும் சொல்லைப் பார்த்தால் தமிழ் வினை தானாக வருகிறது. என் பழைய சட்டைப்பை அகராதி பொருள்களை மட்டும் வரிசையாகக் கொட்டியிருந்தது. எது எங்கே என்று அதில் ஒரு குறிப்பும் இல்லை.

பெயர்ச்சொல் பட்டியலின் கடைசிப் பக்கம் போனால் ‘செடி’ என்று ஒரு வழிகாட்டி. நடுவதற்கான இளஞ்செடி, துளிர் என்று விளக்கம், எடுத்துக்காட்டுக்கு வெங்காயம். கரும்பைச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ‘நடுவதற்கான’ என்ற அந்த ஒரு குறிப்பு அன்று என் கையில் இருந்திருந்தால் கரணை என்று எழுதியிருப்பேன்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பம்புக் கையேடு ஒன்றில் ஒரே தாளில் நான்கு ‘செட்’ வந்தது. ஒன்று, பம்புசெட். அது நம் ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது, அப்படியே விட்டேன். இரண்டாவது, மோட்டார் அடித்தளத்தில் ஊற்றிய கலவை செட் ஆகும்வரை போல்ட்டை முறுக்கக் கூடாது என்பது. மூன்றாவது, மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் ஆம்பியருக்கு செட் செய்யச் சொல்வது. நான்காவது, செட் ஸ்குரூ. கப்பியைத் தண்டோடு பிடித்து நிறுத்துகிற சின்னத் திருகாணி. 

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சொல்தான், ஆனால் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் அது செயப்படுபொருள் ஏற்கிறதா இல்லையா என்று குறித்துக் காட்டுகிறது. கலவை தானாக இறுகுவது. ரிலேயை ஓர் ஆள் திருப்பி வைப்பது. ஆகவே “கலவை இறுகிய பிறகே போல்ட்டை முறுக்கவும்” என்றும், “ரிலேயின் குறியை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியர் அளவுக்குத் திருப்பி வைக்கவும்” என்றும் எழுதினேன். இறுகுவது என்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண போர்ட்லேண்டு சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் சிமென்ட்டின் வலுவை 28 நாள் கணக்கு வைத்துத்தான் பார்ப்பார்கள். இறுகுவது வேறு, வலுவேறுவது வேறு. ‘கெட்டிப்படும்வரை’ என்று பொதுவாக எழுதியிருந்தால் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

இந்த அகராதியின் இணையப் பதிப்பை இலவசமாகவே பார்க்கலாம். உச்சரிப்பையும் கேட்கலாம். அதில் சொல் பிறந்த கதையும் தருகிறார்கள். ‘செட்’ என்ற வினை பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது, ‘சிட்’ என்ற சொல்லுக்கு உறவு என்று அங்கேதான் படித்தேன். சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்காரவை. அமர், அமர்த்து; இரு, இருத்து என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினைதான்! அதைப் படித்த நிமிடத்திலிருந்து இந்தச் சொல் மேல் இருந்த பயம் போய்விட்டது. கல்லை நகையில் இருத்துகிறார்கள். எலும்பை அமர்த்துகிறார்கள். ரிலேயை ஓர் அளவில் நிறுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே செயல் ஓடுகிறது. கூட்டம், தொகுதி என்ற பொருள் மட்டும் கொஞ்சம் வேறு கதை. அதில் ஒரு பங்கு லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல். இரண்டு ஆறு கலந்த மாதிரி இரண்டு சொல் ஒன்றாகியிருக்கிறது. என்னைத் தடுக்கி விழ வைத்த ‘தொகுதி’ அந்த இன்னொரு ஆற்றுத் தண்ணீர்.

தமிழில் இதற்கு நேரான ஒரே சொல் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தக்காளிக் குறிப்பில் ‘புரூட் செட்’ என்று வந்தால் காய் பிடிப்பது. தென்னைக்கு வந்தால் குரும்பை பிடிப்பது. மழை ‘செட் இன்’ ஆனது என்றால் மழை பிடித்துக்கொண்டது. நம்முடைய ‘பிடி’யை ஓர் ஆங்கிலேயர் அகராதியில் தேடினால் அவரும் இதே போல மலைத்துத்தான் போவார். சளி பிடிக்கும், பஸ்ஸைப் பிடிக்கலாம், ஒருவரைப் பிடித்துப்போகும், நூல் பிடித்த மாதிரி நேராகச் சுவர் எழும்பும்.

அதோடு ‘செட்’டை நாமும் சும்மா விடவில்லை. மைக் செட், பேண்டு செட், நகை செட், செட் தோசை, சினிமாவுக்குப் போடும் செட், “அவங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு”, “இந்த வேலை எனக்கு செட் ஆகல”. கடைசியாகச் சொன்ன பொருளில் ஆங்கிலேயர் அதைச் சொல்வதில்லை. ஒத்துவரவில்லை என்ற அந்தப் பொருள் நாம் கொடுத்தது. மொழிபெயர்ப்பவருக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. தமிழில் புழங்குகிற செட்டை நினைத்துக்கொண்டு ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் பொருள் மாறிவிடும்.

இதைவிடப் பெரிய அகராதி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: 20 தொகுதிகளாக 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே ‘செட்’ என்ற வினைதான். 430க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு செய்த திருத்தங்களில் ‘ரன்’ என்ற வினை அதை முந்திவிட்டது, அதற்கு 645 பொருள்கள். ஆராய்ச்சிக்கு அது வேண்டும். நாளைக் காலைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய எனக்கு இது போதும்.

போதும் என்பதற்குக் காரணம் இது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதுதான். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவர் தொடங்கிய இந்த அகராதி முதலில் 1942இல் டோக்கியோவில் அச்சானது. ஆக்ஸ்போர்டு அதை 1948இல் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று வகுப்பில் நின்று பார்த்தவர் தொடங்கிய புத்தகம். அதனால்தான் விளக்கங்கள் ஏறக்குறைய முழுக்க 3,000 அடிப்படைச் சொற்களுக்குள் எளிமையாக இருக்கின்றன. ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள இன்னும் நான்கு சொல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை.

சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் கனம். மடியில் வைத்துப் பார்க்க முடியாது, மேசை வேண்டும். தாள் மெல்லியது; எச்சில் தொட்டுப் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’, ‘செட் இன்’ போன்ற கூட்டு வினைகள் எல்லாம் பதிவின் கடைசியில் தனியாக இருக்கின்றன. அவசரத்தில் முதல் பட்டியலிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, புதிதாக வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், இதில் தமிழ் கிடையாது. பொருளைக் கையில் கொடுத்துவிடும். சொல்லை நாம்தான் போய்க் கேட்டு வர வேண்டும்.

போன மாதம் அப்படித்தான் கேட்டு வந்தேன். ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்துக்கான குறிப்பு. அங்கே முட்டை 18 நாள் செட்டர் என்ற இயந்திரத்திலும் கடைசி 3 நாள் ஹேச்சர் என்ற இயந்திரத்திலும் இருக்கும். கணக்குத் தாளில் ‘செட் செய்த முட்டைகள்’ இத்தனை, பொரிந்தது இத்தனை என்று இரண்டு வரி. அகராதியில் கோழி, முட்டை என்று வழிகாட்டி எதுவும் இல்லை. படிக்கிற பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அது இல்லாதது நியாயம்தான். ‘வைத்த முட்டைகள்’ என்று எழுதிப் பார்த்தேன். யார் எங்கே வைத்தது என்று நிற்காமல் தொங்கியது. ‘அடுக்கிய முட்டைகள்’ என்றால் கடையில் அடுக்கியது போல இருந்தது.

சமையல்கட்டில் இருந்த அம்மாவிடம் போய், “ஏம்மா, குஞ்சு பொரிக்கறதுக்குன்னு முட்டை வெச்சா அத என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். “அட வெக்கறதுன்னுதான் சொல்லுவோம் கண்ணு. நம்ம செவலக் கோழிய வெங்காயக் கூடையில வெக்கோல் போட்டு, பதினோரு முட்டை அட வெச்சமே. மறந்துட்டயா?”

மறக்கவில்லை. அந்தக் கூடையின் மேல் போட்டிருந்த சாக்கு கூட ஞாபகம் இருக்கிறது. உட்கார், உட்காரவை என்று இணையத்தில் படித்தது அப்போதுதான் முழுதாக விளங்கியது. கோழி முட்டை மேல் உட்காருகிறது, நாம் உட்கார வைக்கிறோம். பெரிய அகராதியில் இந்தப் பொருளும் இருக்கிறது. ‘அடை வைத்த முட்டைகள்’ என்று தாளில் எழுதினேன். அப்புறம் அகராதியைத் திறந்து, கரணை என்று முன்பு எழுதியிருந்ததற்குக் கீழே, அதே ஓரத்தில், பென்சிலால் அதையும் எழுதி வைத்தேன்.