ஒரே மூச்சில் முடிப்பதா, பாதியில் நிறுத்துவதா?

குண்டு பாய்ந்த வயிற்றைத் திறந்ததும் அறுவை மருத்துவர் முன் இரண்டு வழிகள். கிழிந்த குடலை, இரத்தக் குழாயை எல்லாம் அன்றே தைத்து மூடுவது ஒன்று. மற்றது, கல்லீரலைச் சுற்றித் துணி அடைத்து இரத்தத்தை நிறுத்தி, குடல் முனைகளைக் கட்டிவிட்டு, வயிற்றைத் தற்காலிகமாக மூடி ஐசியூவுக்கு அனுப்புவது. மிச்ச வேலை ஓரிரு நாள் கழித்துத்தான்.

முதல் வழி கேட்க முழுமையாக இருக்கிறது. ஆனால் நேரம் ஓட ஓட உடல் குளிர்கிறது, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, இரத்தம் உறைய மறுக்கிறது. தையல் ஊசி குத்திய துளையிலிருந்துகூட ஓயாமல் கசியும். மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை.

1993-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அறுவை மருத்துவர் ரொட்டொண்டோவின் குழு இரண்டையும் ஒப்பிட்டது. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய இரத்தக் குழாயோடு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளுறுப்புகளும் காயம்பட்டவர்களில்தான் கதை மாறியது: முழு அறுவையில் 9 பேரில் ஒருவர் பிழைத்தார், பாதியில் நிறுத்தியதில் 13 பேரில் 10 பேர். சிறிய ஆய்வுதான், பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்தது. ஆனாலும் உலகெங்கும் அறுவை அரங்குகளின் பழக்கத்தையே மாற்றியது.

அதற்காக எல்லோருக்கும் இதையே செய்யக் கூடாது. திறந்த வயிறு தொற்றையும் குடலிறக்கத்தையும் கூட்டிவரும், குடலில் ஓட்டை விழவும் வாய்ப்புண்டு. உடல் சூடும் இரத்த அழுத்தமும் நிலையாக இருப்பவருக்கு அன்றே முடிப்பதுதான் நல்லது. மயக்க மருத்துவர் "உடல் சூடு 34 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிட்டது" என்றால், தைப்பதை அங்கேயே நிறுத்த வேண்டும்.