1,319 ரூபாய்க்கு பல்பு வாங்கின கதை (டியூலிப் கிழங்கு ஆர்டர் போடப் போறவங்க படிச்சிட்டு போங்க)

இத எழுதலாமா வேணாமான்னு ஒரு மாசமா யோசிச்சேன். ஏமாந்தத வெளிய சொன்னா ஊரே சிரிக்கும், விட்டுத் தொலைன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. ஆனா நேத்து எங்க மாடித்தோட்ட வாட்ஸப் க்ரூப்ல ஒரு பொண்ணு, நான் பாத்து ஏமாந்த அதே டியூலிப் பூ விளம்பர போட்டோவ போட்டு "அக்கா இது நம்ம ஊர்ல வருமா, வாங்கலாமா"ன்னு கேட்டுச்சு. அதே ஆறு கலரு, அதே வெள்ளத் தொட்டி, பின்னாடி அதே மரவேலி. பேஜ் பேரு மட்டும் வேற. சரி, மானம் போனா போகுதுன்னு உக்காந்துட்டேன்.

நாங்க கோயமுத்தூர். மாடில ஒரு அறுபது எழுபது தொட்டி இருக்கும். எல்லா வருஷமும் தை பொறந்ததும் மாடியே மாறிடும், டிசம்பர் பூ முடியுற நேரத்துல பெட்டூனியா பிடிச்சுக்கும், மாசில தண்ணிய கொஞ்சம் காயவிட்டா காகிதப்பூ இலையே தெரியாம பூக்கும், அடீனியம் கூட அப்பதான் மொட்டு விடும். பங்குனி வந்துட்டா குண்டுமல்லி. இதெல்லாம் இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குன்னு கேக்கறீங்களா, நானும் இப்பதான் கேக்கறேன்.

போன கார்த்திகைல ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம போன தேய்ச்சிட்டு இருக்கேன், ரீல்ஸ்ல ஒரு பொண்ணு மொட்டை மாடில டியூலிப் பக்கத்துல நின்னு சிரிக்குது. "சென்னை கோவை மதுரை வெயில்லயும் பூக்கும், ஹாலந்து இம்போர்ட்டட், ஏற்கனவே கூலிங் பண்ணின கிழங்கு, 12 கிழங்கு 6 கலர் 1,199 மட்டும், காதலர் தினத்துக்கு உங்க வீட்ல டியூலிப்"னு ஓடுது. கீழ நூறு பேரு "சூப்பர்", "எனக்கு வந்துருச்சு", "தேங்க் யூ"ன்னு போட்ருக்காங்க. நம்பிட்டேங்க. கூரியருக்கு 120 சேத்து 1,319 ரூபா, யூபிஐல அனுப்பினேன். பணம் போன பேரு ஏதோ ஒரு தனி ஆளு பேரு, பேஜ் பேருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பவே உறைச்சிருக்கணும், உறைக்கல.

அஞ்சாம் நாள் பார்சல் வந்துச்சு. அன்பாக்சிங் வீடியோ இல்லன்னா கம்ப்ளைன்ட் எடுக்க மாட்டோம்னு சொல்லிருந்ததால பையன கேமரா புடிக்க வெச்சு பிரிச்சேன். நியூஸ்பேப்பர்ல சுத்தி 12 கிழங்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு, ரெட், எல்லோ, பிங்க், ஆரஞ்சு, வெள்ளை, அப்புறம் குயீன் ஆஃப் நைட். இந்த குயீன் ஆஃப் நைட் நெசமாவே இருக்கற டியூலிப் ரகம்தான், கருப்புன்னே சொல்லலாம், அவ்வளவு இருட்டு ஊதா. அந்தப் பேரப் பாத்ததும் விஷயம் தெரிஞ்ச ஆளுங்கதான் போலன்னு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

கிழங்கு என்னமோ சின்னதாதான் இருந்துச்சு. நம்ம சாம்பார் வெங்காயத்துல பொடிசா இருக்குமே, அந்த சைஸ், மேல கழுத்து மாதிரி நீட்டமா ஒரு தண்டு. கேட்டதுக்கு "கூலிங் பண்ணினா சுருங்கும் மேடம்"னாங்க. இங்கதான் முக்கியமா ஒண்ணு சொல்லணும். பூக்கற வயசு வந்த டியூலிப் கிழங்கு சுருங்கி சாம்பார் வெங்காயம் ஆகாது. விக்கற தரமே சுத்தளவு 10, 11, 12 சென்டிமீட்டர்னு அளந்துதான், ஒரு நூல சுத்திப் பாத்தாலே தெரிஞ்சிடும். அடி உருண்டு நுனி கூம்பி, பிரவுன் கலர்ல காகிதம் மாதிரி தோலு இருக்கும். எனக்கு வந்தது நாலு நாலரை சென்டிமீட்டர் தேறாது. இதெல்லாம் நான் பின்னாடி படிச்சது, அன்னிக்கு தெரியாது.

இன்னும் 15 நாள் ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னாங்க, வெச்சேன். செம்மண்ணு, கோகோபீட், மண்புழு உரம் எல்லாம் கலந்து மூணு தொட்டில நட்டு, ஷேட் நெட் போட்டு, அதுக்கு மேல ஒரு கூத்து பண்ணேன் பாருங்க. தினமும் சாயங்காலம் ஒரு ட்ரே ஐஸ் கட்டிய மண்ணு மேல வைக்கச் சொன்னாங்க, அதையும் வெச்சேன். எங்க அத்தை மாடிக்கு வந்து பாத்துட்டு "ஏங்கண்ணு, செடிக்கு சளி புடிச்சுக்காதா"ன்னு கேட்டாங்க. நான் அவங்களுக்கு டியூலிப் பத்தி பாடம் எடுத்தேன். இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பா வருது, அன்னிக்கு அவங்க முகத்துல இருந்த சிரிப்புக்கு அர்த்தம் இப்பதான் புரியுது.

பொங்கல் சமயத்துல மொளச்சுது. சந்தோஷத்துல க்ரூப்ல போட்டோ எல்லாம் போட்டேன். ஆனா இலை புல்லு மாதிரி ஒல்லியா, வெங்காயத்தாள் மாதிரி நீட்டமா வருது. டியூலிப் இலை அகலமா தடியா கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சைல வரணும். போட்டோ எடுத்து பேஜுக்கு அனுப்பினேன். "இது குட்டி இலை மேடம், அடுத்தது பெருசா வரும், 20 நாள் வெயிட் பண்ணுங்க." 20 நாள் கழிச்சு மறுபடி கேட்டேன். "எந்த தண்ணி ஊத்தறீங்க? போர் தண்ணியா? அதான்." ஒரு வாரம் ஆர்ஓ தண்ணி ஊத்தினேன், சிறுவாணித் தண்ணி வர்ற ஊர்ல! காதலர் தினமும் வந்து போச்சு. மறுபடி கேட்டா, "ஃப்ரிட்ஜ்ல வெச்சப்ப கூட ஆப்பிள் ஏதாச்சும் இருந்துச்சா?"

இருந்துச்சுங்க. காய்கறி ட்ரேல ரெண்டு ஆப்பிள் கெடந்துச்சு. கூகுள் பண்ணிப் பாத்தா அது உண்மைதான், ஆப்பிள் மாதிரி பழம் எத்திலீன்னு ஒரு வாயு விடும், அது பட்டா டியூலிப் கிழங்குக்கு உள்ள உக்காந்திருக்கற பூ மொட்டு கருகிடும். அத படிச்சிட்டு தப்பு என் மேலதான்னு ரெண்டு நாள் சாப்பாடே எறங்கல, ஆப்பிள் வாங்கிட்டு வந்த மனுஷன வேற திட்டித் தீத்தேன். பொய்யன் முழுப் பொய் சொன்னா நாம புடிச்சிடுவோம், இவங்க சொல்றதுல பாதி நெசமா இருக்கு, அதுதான் கழுத்தறுக்குது.

நெசம் இன்னொரு பாதியும் இருக்கு, அத அவங்க சொல்லவே இல்ல. டியூலிப் பூக்கணும்னா கிழங்கு 2லேருந்து 9 டிகிரி குளிர்ல 12லேருந்து 16 வாரம் கெடக்கணும். மூணு நாலு மாசம்! அதுக்கப்புறமும் நட்ட எடம் சில்லுனு இருக்கணும். காஷ்மீர்ல ஸ்ரீநகர் டியூலிப் தோட்டம் இருக்கே, 2008ல தெறந்தது, தால் ஏரிக்கு மேல ஜபர்வான் மலையடிவாரத்துல, அங்கயே மார்ச் கடைசிலதான் பூக்க ஆரம்பிக்குது, அதுவும் ஒரு மாசம் கூட தாங்காது. டெல்லில சாந்தி பத்ங்கற ரோட்டு ஓரமா பிப்ரவரில பூக்குதுன்னா, அது டெல்லி குளிரு, வெளிநாட்டுல இருந்து குளிர்பதனம் பண்ணின கிழங்க ஒவ்வொரு வருஷமும் புதுசா இறக்கி நடறாங்க. நம்ம கோவைல மாசி மத்தியானம் 33 டிகிரி. ஐஸ் கட்டி அரை மணி நேரத்துல தண்ணியாகி தட்டுல நிக்குது.

அப்புறம் கொஞ்சம் காரமா கேட்டேன், பணம் திருப்பித் தாங்கன்னு. அப்பதான் பாலிசின்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு. டெலிவரி ஆகி 7 நாளைக்குள்ள மட்டும்தான் கம்ப்ளைன்ட், மொளைக்கறதுக்கு கேரண்டி கிடையாது. "உங்க வீடியோலயே 12 கிழங்கு நல்லா வந்திருக்கே மேடம்." நான் எடுத்த வீடியோவே அவங்களுக்கு சாட்சி! சேலை கிழிஞ்சிருந்தா அன்னிக்கே தெரியும், மிக்ஸி ஓடலன்னா அன்னிக்கே தெரியும். கிழங்கும் விதையும் என்ன சாதின்னு தெரியவே ரெண்டு மாசம் ஆகும். அவங்க யாவாரமே அந்த ரெண்டு மாசத்துலதான் ஓடுது. 20 நாள் வெயிட் பண்ணுங்க, தண்ணிய மாத்துங்கன்னு சொல்றதெல்லாம் செடி வளரறதுக்கு இல்ல, நாளக் கடத்தறதுக்கு. அடுத்த நாள் ப்ளாக்.

ஒரு செடிய மண்ணோட புடுங்கிட்டு நான் எப்பவும் போற நர்சரிக்குப் போனேன். அந்தத் தம்பி கையில வாங்கக்கூட இல்ல, தூரத்துல இருந்தே, "ஏனுங்க்கா, ரெயின் லில்லிய போய் இப்படி புடுங்கிட்டு வந்திருக்கீங்க?"

ரெயின் லில்லி. கோயில் பூங்கா, ஆஸ்பத்திரி வாசல், ரவுண்டானா எல்லாத்துலயும் ஓரமா புல்லு மாதிரி கெடக்கும், மழை பேஞ்ச மூணாம் நாளு நாலாம் நாளு பிங்க்கா எந்திரிச்சு நிக்கும் பாருங்க, அதேதான். "10 கிழங்கு 60 ரூபா தர்றேங்க்கா, வேணுங்களா?"ன்னான். கத்திய எடுத்து என் கிழங்க குறுக்க வெட்டிக் காட்டினான், வெங்காயம் மாதிரி வளையம் வளையமா இருந்துச்சு. நெசமான டியூலிப்ப வெட்டினா வளையம் நாலஞ்சு தடியா இருக்கும், பூக்கற கிழங்குன்னா நட்டநடுவுல குட்டியா மொட்டு தெரியுமாம். 12 வாங்கினா ஒண்ண வெட்டிப் பாத்திருக்கலாம். யாருக்கு மனசு வரும், ஒண்ணு 100 ரூபாயாச்சே!

க்ரூப்ல சொன்னதும் வரிசையா வர்றாங்க, இன்னும் நாலு பேரு. எல்லாரும் வெக்கத்துல வாயத் தெறக்காம இருந்திருக்காங்க. ஒருத்தங்க நீல ரோஜா விதைன்னு 299க்கு வாங்கி மொளச்சது தண்டுக்கீரையாம், கூட்டு வெச்சு சாப்பிட்டுட்டோம்னு சொல்லி சிரிச்சாங்க. ரோஜால நீலத்துக்கு வேணுங்கற நிறமியே இயற்கைல கிடையாது. ஜப்பான்ல ஜீனை மாத்தி வருஷக்கணக்குல வேலை பாத்து 2009லதான் வித்தாங்க, அதுவும் பாத்தா வெளிறின ஊதா மாதிரிதான் இருக்கும். அத இங்க 299 ரூபாய்க்கு 50 விதைன்னு விக்கறான்.

பணத்துக்கு என்ன பண்ணேன்னு கேட்டீங்கன்னா, 1915க்கு போன் பண்ணேன், நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசினாங்க, நம்பர் குடுத்து பதிவு பண்ணிக்கிட்டாங்க. ஆனா விக்கறவன் அட்ரஸ் என்னன்னு கேட்டாங்க, எங்கிட்ட இருந்தது ஒரு பேஜ் பேரும் ஒரு போன் நம்பரும்தான். 2020 இ-காமர்ஸ் விதிப்படி ஆன்லைன்ல விக்கறவங்க பேரு, அட்ரஸ், கம்ப்ளைன்ட் கேக்கற அதிகாரி பேரு எல்லாம் போட்டிருக்கணும், இம்போர்ட்டட்னா எந்த நாட்டு சரக்குன்னும் போடணும். கம்ப்ளைன்ட் குடுத்தா 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னு பதில் சொல்லணும். இதுல ஒண்ணு கூட அந்தப் பேஜ்ல இல்ல. அதோட வெளிநாட்டுக் கிழங்குன்னா நோய் இல்லைன்னு அந்த நாட்டுல குடுக்கற சர்டிபிகேட்டும், நம்ம அரசாங்கத்தோட இறக்குமதி பெர்மிட்டும் இல்லாம உள்ள வர முடியாது. "ஹாலந்து சரக்கா, அந்த சர்டிபிகேட் போட்டோ அனுப்புங்க, எந்த தேதில இருந்து எத்தனை வாரம் கூலிங்ல இருந்துச்சு"ன்னு பணம் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. க்ரூப்ல ஒரு அண்ணன் இன்னொரு பேஜ்ல இத கேட்டுப் பாத்தாரு, பதிலே வரல, நேரா ப்ளாக்தான். அதுவும் பதில்தானே. அந்த கமெண்ட்ல "எனக்கு வந்துருச்சு"ன்னு போட்டவங்க யாரு ஐடிய தொட்டாலும் ஒரு போட்டோ கூட இல்ல, அதையும் பாத்துக்கோங்க.

1,319 போனது கூட போகட்டும். எனக்கு ஆறவே ஆறாத ஒண்ணு, குண்டுமல்லி. நவம்பர் கடைசில கவாத்து பண்ணி, எல உருவி, எரு வெச்சாதான் பங்குனிக்கு கொத்துக்கொத்தா வரும். இந்த வருஷம் அந்த வாரம் பூரா நான் ஃப்ரிட்ஜுக்கும் மாடிக்கும் நடந்துட்டு இருந்தேன். பெட்டூனியா விதையும் நேரத்துக்கு போடல. மாசில எப்பவும் கலர் கலரா நிக்கற மாடி இந்த தடவை ஒரே பச்சை. காகிதப்பூ மட்டும் யாரையும் கேக்காம பூத்துச்சு, அதுக்கு நான் தண்ணி ஊத்தவே மறந்துட்டேன்ல, அதுக்கு அதுதானே வேணும்.

போன வாரம் சாயங்காலம் ஒரு கோடை மழை கொட்டுச்சு. நாலாம் நாள் காலைல மாடிக்குப் போனா மூணு தொட்டிலயும் பூ. எண்ணினேன், ஏழு. எல்லாமே ஒரே பிங்க். எல்லோன்னு சீட்டு சொருகின எடத்துலயும் பிங்க், குயீன் ஆஃப் நைட்டும் பிங்க். சொன்னா நம்ப மாட்டீங்க, பாக்க அழகாத்தான் இருந்துச்சு, அதுதான் இன்னும் எரிச்சல். நான் போட்டோ எடுக்கறதா வேணாமான்னு நின்னுட்டு இருக்கறதுக்குள்ள அத்தை வந்து ஏழையும் கிள்ளி முந்தானைல போட்டுக்கிட்டாங்க. "ஆயிரத்து முன்னூறு ரூவா பூவாச்சே கண்ணு, சாமி படத்துக்காவது வெப்போம்."