சமோனியா, சியாங் மாயா?

மலை அல்ட்ரா மரதன் (வழக்கமான 42 கிலோமீட்டர் மரதனைவிட நீண்ட ஓட்டம்) ஓடும் ஆசை வந்தால், பிரான்ஸின் சமோனிக்கா தாய்லாந்தின் சியாங் மாய்க்கா போவது என்ற இந்தக் குழப்பமும் கொழும்புக்காரருக்குக் கூடவே வரும்.

நுழைவு: சமோனியின் யூடிஎம்பி ஓட்டத்துக்கு (மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் ஓட்டம்) நினைத்தவுடன் பதிய முடியாது. முதலில் அதே தொடரின் வேறு ஓட்டத்தில் 'ரன்னிங் ஸ்டோன்' எனும் தகுதிப் புள்ளி சேர்க்க வேண்டும், பிறகு குலுக்கல். வருடக்கணக்கில் பயிற்சி செய்தவருக்கும் சீட்டு விழாமல் போகலாம். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சியாங் மாய் அந்த ஸ்டோன் தரும் ஓட்டங்களில் ஒன்று.

செலவு: சமோனிக்கு ஷெங்கன் விசா, ஆகஸ்ட் இறுதியில் எகிறும் அறை வாடகை. தாய்லாந்து மிக மலிவு.

பாதை: சமோனியில் சுமார் 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம், இரவில் நடுங்கவைக்கும் குளிர். மழை ஜாக்கெட், தலைவிளக்கு எல்லாம் கட்டாயம். சியாங் மாய் டிசம்பரில்; பகல் வெயில் நமக்குப் பழகியது.

பயிற்சி: இரண்டுக்கும் கொழும்பின் சமதரைக் காலிமுகத்திடல் போதாது. சிவனொளிபாதமலைப் படிகள்தான் கதி, இறங்குவதையும் சேர்த்து.

முதல் தடவை என்றால் சியாங் மாயில் குறுகிய தூரம் ஒன்று. கையில் ஸ்டோன், காசு, பொறுமை மூன்றும் இருந்தால் சரி, சமோனி.