கதிர்வீச்சு இருந்தால், இல்லாவிட்டால்: பாக்டீரியாவுக்கு எது நல்லது?

இயற்கைக் கதிர்வீச்சு மனிதருக்கு உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதையும் குறைத்தால் பாக்டீரியா செழிக்கும் என்றுதான் தோன்றும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சுமார் 650 மீட்டர் ஆழ உப்புப் படுகையில் இதைச் சோதித்தார்கள். ஒரு பக்கம், பழைய எஃகுப் பெட்டகத்துக்குள் கதிர்வீச்சு வெகுவாகக் குறைந்த சூழல். மறுபக்கம், அதே ஆழத்தில் பொட்டாசியம் குளோரைடு வைத்து வழக்கமான அளவுக்குத் திரும்பக் கூட்டிய சூழல். பொட்டாசியத்தில் சிறிதளவு கலந்திருக்கும் பொட்டாசியம்-40 தன்னளவிலேயே கதிர்வீசும், அவ்வளவுதான் சூட்சுமம்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை. குறைந்த சூழலில்தான் வளர்ச்சி மந்தமானது. பாதகமான சூழலுக்கு எதிர்வினை காட்டும் மரபணுக்களின் செயல்பாடும் மாறியது. ஆயிரக்கணக்கான கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சின் அலகு) தாங்கும் டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா கூடத் தடுமாறியது! வழக்கமான அளவுக்குத் திரும்பியதும் மீண்டது. என் ஓட்டு வழக்கமான அளவுக் கதிர்வீச்சுக்கே, ஆய்வகத்தில் வளர்த்த சில இனங்களைப் பொறுத்தவரை.